விடியுமுன் கடலில் இறங்குபவர்களுக்கு: படகும் நீந்துபவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து புதுச்சேரி வரையிலான கரையில் காலை 5.30 மணிக்குத் தண்ணீரில் பலவிதமான ஆட்கள் இருக்கிறார்கள். வலை எடுத்துத் திரும்பும் ஃபைபர் படகுகள், கயாக் ஓட்டுபவர்கள், கடல் நீச்சல் பழகும் குழுக்கள். மற்றவர் கண்ணில் தான் படுகிறோமா என்பது இவர்களில் யாருக்குமே உறுதியாகத் தெரியாது. புதிதாக வருபவர்கள் முதலில் விளக்கு வாங்குகிறார்கள், அப்புறம்தான் அதை எங்கே மாட்டுவது என்று யோசிக்கிறார்கள். இங்கே வாங்கும் வேலை மூன்றாவதாகத்தான் வருகிறது. யார், எங்கிருந்து, எதன் பின்னணியில் உங்களைப் பார்க்கப்போகிறார் என்று தெரியாமல் வாங்கும் விளக்கு பாதிப் பயன்கூடத் தராது.

தொடங்கும் முன் ஒன்று. பகலில் அதே இடத்தில் நன்றாகப் பழகியிராதவர் மங்கல் நேரத்தில் இறங்க வேண்டாம். நீச்சலுக்கும் படகுக்கும் இது பொருந்தும். குளிக்கத் தடை போட்டிருக்கும் கடற்கரை என்றால் எந்த நேரத்திலும் வேண்டாம்.

1. கடிகாரத்தை விட்டுவிட்டு உதய நேரத்தைப் பாருங்கள்

சென்னையில் சூரியன் ஜூன் தொடக்கத்தில் 5.40-ஐ ஒட்டி உதிக்கும்; ஜனவரி கடைசியில் 6.35-ஐ ஒட்டி. கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். "வருஷம் முழுக்க 5.45-க்குக் கரையில் கூடுவோம்" என்று வாட்ஸ்ஆப் குழுவில் முடிவெடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஜூனில் அது வெளிச்சம், ஜனவரியில் நல்ல இருட்டு.

நம் பகுதியில் விடியலும் அந்தியும் சட்டென்று முடிந்துவிடும். உருவங்களை அடையாளம் காணும் அளவு வெளிச்சம் உதயத்துக்கு 20 நிமிடத்துக்குச் சற்று முன்புதான் வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் இருந்தால் அதுவும் கிடையாது. அதனால் துணைப் படகு இல்லாத நீச்சல் குழுக்களுக்கு நான் சொல்லும் வரம்பு: உதயத்துக்கு 10 நிமிடம் இருக்கும்போது இறங்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

மாலைக்கு வேறு கணக்கு. காலையில் தாமதமானால் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். மாலையில் தாமதமானால் குறைந்துகொண்டே போகும். சூரியன் மறையும் நேரத்துக்குக் கடைசி ஆளும் கரையில் இருக்க வேண்டும். படகுக்காரர்கள் சூரியன் மறைவதற்கு முன்பே விளக்கை எரியவிட்டுச் சரிபார்க்க வேண்டும். இருட்டிய பிறகு பழுதைத் தேடுவது பெரிய பாடு.

2. படகு கரையேறும் இடம், சூரியன் இருக்கும் திசை, கரையோர விளக்குகள்

மணலில் படகுகள் வரிசையாக நிற்கின்றனவா, வலைக் குவியல் இருக்கிறதா என்று முந்தைய நாள் பகலில் போய்ப் பாருங்கள். இருந்தால் அதன் எதிரே இறங்கக் கூடாது. ஃபைபர் படகு கரையேறும்போது ஓர் அலையின் மேல் ஏறி, எஞ்சினை முடுக்கி, நேராக மணலுக்கு வரும். அந்த நேரத்தில் திருப்பினால் படகு கவிழும், நிறுத்தினால் அடுத்த அலை பின்னால் அடிக்கும். முன்னால் ஒரு தலை தெரிந்தாலும் ஓட்டுபவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அங்குள்ள மீனவர்களிடம் "அண்ணே, எத்தனை மணிக்குப் படகு வரும், எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டுவிடுங்கள். எந்தச் செயலியும் தராத தகவல் அது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் காலியாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரிய விசைப்படகுகள்தான் நிற்கும். சிறு படகுகள் அப்போதும் கடலில் இருக்கும்.

அடுத்தது சூரியன். நம் கிழக்குக் கடற்கரையில் காலைச் சூரியன் கடல் பக்கம் இருக்கிறது. கரையிலிருந்து கிளம்பும் படகுக்காரர் சூரியனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார். தண்ணீரின் மினுமினுப்பில் நீந்துபவர் தலை அவருக்குத் தெரியாது. கடலிலிருந்து திரும்பும் படகுக்காரருக்கு வெளிச்சம் முதுகுப் பக்கம், அவருக்கு நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள். ஆனால் அந்தப் படகு உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அது கண்கூசும் பக்கத்திலிருந்து வருகிறது. மாலையில் இது தலைகீழாகும். உதயத்துக்குப் பிந்திய முதல் அரை மணி நேரத்தை "வெளிச்சம் வந்துவிட்டது" என்று அலட்சியமாக விடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கரையோரத் தெருவிளக்குகளும் கணக்கில் வரும். கடலிலிருந்து வருபவருக்கு உங்கள் சின்ன வெள்ளை விளக்கு, பின்னால் இருக்கும் நூறு வெள்ளை விளக்குகளில் ஒன்று. கரை வெளிச்சம் அதிகமுள்ள இடத்தில் வெள்ளைப் பொட்டு விளக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

3. வாங்கவேண்டியவை

நீந்துபவருக்கு: பளீர் ஆரஞ்சு, மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிறத் தொப்பி, பொருள் வைக்கும் பையோடு, இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் அதே மாதிரி நிற மிதவை, தண்ணீர் புகாத இரண்டு சிறு எல்இடி விளக்குகள், ஒரு விசில்.

படகுக்கு: சிவப்பு-பச்சைப் பக்க விளக்குகள், சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு, நல்ல கை டார்ச், மாற்று பேட்டரி, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் உலோகப் பிரதிபலிப்பான், ஆபத்தில் கொளுத்திக் காட்டும், காலாவதியாகாத சிவப்புச் சுடர்கள் (ஃபிளேர்). ஃபைபரும் மரமும் கப்பல் ரேடாரில் சரியாகத் தெரிவதில்லை. எண்ணூர், சென்னைத் துறைமுகப் பக்கம் தொழில் செய்பவர்கள் பிரதிபலிப்பானைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டு பொருட்களைப் பற்றித் தவறான நம்பிக்கை இருக்கிறது. ஒளி திருப்பும் ஸ்டிக்கர், வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பார்ப்பவர் தன் கண் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால்தான் அது மின்னும். தேடும்போது அருமையான பொருள். டார்ச் இல்லாமல் வரும் படகுக்கு அது வெறும் சாம்பல் துண்டு. பளீர் நிறத் துணி சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிரை வாங்கித்தான் பளிச்சிடுகிறது. விடியற்காலையிலும் அந்தியிலும் நன்றாக வேலை செய்யும், முழு இருட்டில் செய்யாது. ஆகவே நிறம், ஸ்டிக்கர், விளக்கு மூன்றும் தேவை. ஒன்று இருப்பதால் மற்றொன்றை விட முடியாது.

சாதாரணச் சிவப்பு வேண்டாம். வெளிச்சம் குறையும்போது கண்ணுக்கு முதலில் கறுத்துப்போகும் நிறம் அதுதான். வெள்ளைத் தொப்பி அலை நுரையோடு கலந்துவிடும். நீலமும் கறுப்பும் சொல்லவே வேண்டாம்.

4. படகில் விளக்கு மாட்டும் முறை

கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டுச் சர்வதேச விதிகள்தான் இதற்கு அடிப்படை. கோல்ரெக் என்பார்கள். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரையிலும், மழை, மூடுபனி போன்ற நேரங்களிலும் விளக்கு எரிய வேண்டும்.

12 மீட்டருக்குக் குறைவான எஞ்சின் படகுக்கு, நம் ஃபைபர் படகுகள் எல்லாம் இதில் வரும், எளிய ஏற்பாடு போதும்: வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு, அவற்றைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை. பக்க விளக்கு 1 கடல் மைல் தொலைவுக்கும் வெள்ளை 2 கடல் மைல் தொலைவுக்கும் தெரிய வேண்டும். 7 மீட்டருக்குக் குறைவாகவும், மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் போகாததாகவும் இருந்தால் வெள்ளை மட்டும் போதும் என்று விதி சொல்கிறது. முடிந்தால் பக்க விளக்கும் வைக்கச் சொல்கிறது. முடியும், வையுங்கள். துடுப்புப் படகும் கயாக்கும் ஒரு வெள்ளை டார்ச்சைக் கையருகே வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கும்படி உரிய நேரத்தில் காட்டினால் விதிக்குப் போதும். ஆனால் இரண்டு கையும் துடுப்பில் இருக்கும்போது டார்ச்சைத் தேட நேரம் இருக்காது. பின்பக்கக் கம்பத்தில் எப்போதும் எரியும் வெள்ளை விளக்கே நல்லது. துடுப்புப் பட்டைகளின் இரு முகத்திலும் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அசையும் பொருள் கண்ணை இழுக்கும்.

மாட்டும் வரிசை இதுதான்:

முதலில் வெள்ளை விளக்கு. பின்பக்கம் ஒரு குழாயைக் கம்பமாக நிறுத்தி, எஞ்சின் பிடித்திருப்பவர் எழுந்து நின்றாலும் அவர் தலைக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். தாழ்வாக இருந்தால் ஆள் உடம்பே அதை மறைக்கும், முன்னால் வருபவருக்குத் தெரியாது. விளக்குக்கு நேர் கீழே ஒரு சிறு தட்டு பொருத்துங்கள். வெளிச்சம் படகுக்குள் விழுந்து ஓட்டுபவர் கண்ணைக் கெடுக்காமல் இருக்க அது வேண்டும்.

பிறகு பக்க விளக்குகள். ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து தன் பக்கமாகச் சற்றுப் பின்னால் வரை, 112.5 பாகை அளவுக்கு மட்டுமே தெரிய வேண்டும். மறைப்புப் பலகை இல்லாமல் மாட்டினால் பச்சை இடப்பக்கத்திலிருந்தும் தெரியும். எதிரே இருப்பவர் நீங்கள் போகும் திசையைத் தப்பாகக் கணிப்பார். சிவப்பும் பச்சையும் இடம் மாறி மாட்டிய படகுகளும் உண்டு. அணியத்தை, அதாவது படகின் முன்முனையைப் பார்த்து நின்று மாட்டுங்கள், அணியத்திலிருந்து பின்னோக்கி நின்று மாட்டாதீர்கள். குழப்பம் அங்கேதான் வருகிறது.

கடைசியில் ஒயர். உப்புக் காற்றில் முதலில் போவது விளக்கு இல்லை, இணைப்பு. டேப் சுற்றிய இணைப்பு சீக்கிரமே பச்சை பூக்கும். வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு, பேட்டரி முனையில் கிரீஸ் தடவுங்கள்.

வலை போட்டிருக்கும்போது சிவப்பு விளக்குக்குக் கீழே வெள்ளை விளக்கு, இழுவை மடி (படகு இழுத்துச் செல்லும் வலை) என்றால் பச்சைக்குக் கீழே வெள்ளை. வலை முனை மிதவைகளிலும் விளக்கு கட்டுங்கள். இருட்டில் நீந்துபவரோ கயாக்கோ வலையில் சிக்கினால் இரு தரப்புக்கும் நஷ்டம்.

விட்டுவிட வேண்டியவை: மினுக்கும் அலங்கார எல்இடி பட்டைகள், முன்னோக்கி எப்போதும் எரியும் ஃபோகஸ் விளக்கு. முதலாவது பக்க விளக்கின் நிறத்தை மறைக்கும். இரண்டாவது எதிரே வருபவரையும் உங்களையும் சேர்த்துக் குருடாக்கும்.

5. ஓட்டுபவரின் கண்ணைத் தயார் செய்யுங்கள்

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். செல்போனை ஒரு முறை முழு வெளிச்சத்தில் பார்த்தால் பழகியதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே கிளம்பும் முன் அரை மணி நேரம் போன் பார்க்கக் கூடாது. ஜிபிஎஸ் திரையை மங்கலாக்குங்கள். படகுக்குள் வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு டார்ச் பயன்படுத்துங்கள். மங்கலில் பார்க்க உதவும் கண் செல்களைச் சிவப்பு அதிகம் பாதிக்காது.

கண்ணின் நட்ட நடுவில் அந்தச் செல்கள் இல்லை. சந்தேகமான ஒரு பொட்டை நேராக முறைத்தால் மறைந்துவிடும். அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தால் தெரியும். இதைச் சொல்லிக்கொடுத்ததும் புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். முயன்று பாருங்கள்.

6. வேகம்

மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் படகு வினாடிக்கு 6 மீட்டருக்கு மேல் நகரும். மங்கலில் 60 மீட்டரில்தான் ஒரு தலை தெரிகிறது என்றால் கையில் இருப்பது 10 வினாடிக்கும் குறைவு. அதற்குள் அடையாளம் கண்டு, முடிவெடுத்து, திருப்ப வேண்டும். அதோடு வேகம் கூடும்போது அணியம் மேலே எழும்பி முன்னாலுள்ள தண்ணீரையே மறைத்துவிடும். கரைக்கு அருகே அணியம் எழாத வேகத்தில் போங்கள். ஒருவர் முன்னால் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும், அவருக்கு அப்போது வேறு வேலை கொடுக்கக் கூடாது.

எஞ்சினை நிறுத்தும் கயிறு உள்ள அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) என்றால், அதை ஓட்டுபவர் உடம்பில் மாட்டாமல் கிளம்ப வேண்டாம். அவர் தவறி விழுந்தால், ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும்.

7. நீந்துபவர் அணியும் வரிசை

அலை நடுவே நீந்துபவர் தலை தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரம்தான். அதைவிட உயரமான அலை பாதி நேரம் அதை மறைக்கும். கண்ணில் படவேண்டிய முதல் பொருள் மிதவைதான், தலை அதற்கு அடுத்தது.

மிதவைப் பைக்குள் ஒரு எல்இடியை எரியவிட்டு வைத்து, பிறகு காற்று ஊதுங்கள். மிதவை முழுக்க ஆரஞ்சாக ஒளிரும். கரையோரத் தெருவிளக்குப் பின்னணியிலும் அது தனியாகத் தெரியும். படகின் சிவப்பு, பச்சை, வெள்ளையோடு குழம்பாது. அதிவேகமாக வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கை வழக்கமாகப் போட வேண்டாம். அது தூரத்தைக் கணிக்க விடாது, கடல் விதிகளும் அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஆபத்து நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விளக்கை நீச்சல் கண்ணாடியின் பட்டையில், பின்மண்டையில் மாட்டுங்கள். நெற்றியில் மாட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நீந்தும்போது முகம் தண்ணீருக்குள் இருக்கிறது, நெற்றி விளக்கு மீன்களுக்குத்தான் வெளிச்சம் காட்டும். பின்மண்டை எப்போதும் வானத்தைப் பார்க்கும்.

மிதவைக் கயிறு, மிதவை தொடைப் பக்கம் மிதக்கும் நீளத்தில் இருக்கட்டும். ரொம்ப நீளமானால் படகுக்காரர் மிதவையையும் உங்களையும் இரண்டு வேறு பொருளாக நினைத்து நடுவே புகுந்துவிடலாம். மிதவை லைஃப் ஜாக்கெட் ஆகாது. மயங்கியவர் முகத்தை அது தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடிக்காது.

நீந்தும்போது எஞ்சின் சத்தம் கேட்டால் உடனே நின்று தலையைத் தூக்குங்கள். தண்ணீருக்குள் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் பாய்வதால் இரு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எட்டும். எந்தப் பக்கம் என்று பிடிபடாது. தலையைத் தூக்கி விளக்கைப் பாருங்கள். சிவப்பு மட்டும் தெரிந்தால் படகின் இடப்பக்கம், பச்சை மட்டும் என்றால் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உங்களை நோக்கித்தான் வருகிறது. மிதவையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுங்கள், விசில் ஊதுங்கள், பக்கவாட்டில் விலகுங்கள்.

8. துணைப் படகு நிற்கும் இடம்

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு இரவில் கிளம்பி நீந்துபவர்கள் துணைப் படகோடுதான் போகிறார்கள். சிறிய பயிற்சிக்கும் இருட்டில் அது இல்லாமல் வேண்டாம்.

எஞ்சின் படகு நீந்துபவருக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும், அதாவது காற்று நீந்துபவரைக் கடந்து படகுக்கு வர வேண்டும். மேல்பக்கம் நின்றால் காற்று படகை அவர் மேல் தள்ளும், எஞ்சின் புகையும் அவர் மூக்குக்குப் போகும். கயாக் என்றால் படகுகள் வரும் பக்கத்தில் நின்று மறைப்பாக இருக்கட்டும். நீந்துபவர் எந்தப் பக்கம் மூச்செடுக்கிறாரோ அந்தப் பக்கம் துணை இருந்தால் ஒவ்வொரு மூச்சிலும் பார்வை கிடைக்கும். அவர் முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். மிதவை மேல் அடியுங்கள்.

ஆளைத் தூக்கும்போது எஞ்சினை நியூட்ரலில் விட்டால் போதாது, அணைக்க வேண்டும். கை தவறிக் கியர் விழ ஒரு கணம் போதும்.

9. ஒத்திகை

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, யாரையும் இறக்காமல் ஒரு மாலை இதைச் செய்யுங்கள். விளக்கு எரியும் மிதவையை மட்டும் நங்கூரமிட்டுக் கடலில் விட்டு, படகை 100 மீட்டர், 200 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய், ஓட்டுபவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு முறை கரை விளக்குகள் பின்னணியில் இருக்கும்படி, ஒரு முறை வெறும் கடல் பின்னணியில். வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். செல்போன் கேமரா இருட்டைத் தானாக வெளிச்சமாக்கிக் காட்டும், அதை நம்பக் கூடாது. பிறகு நீந்துபவர்கள் கரையில் நின்று படகின் விளக்குகளைப் பார்த்து, எந்தத் திசையில் போகிறது என்று சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் மறைப்புப் பலகையைச் சரிசெய்யுங்கள்.

இறங்கும் நாளில் பெயர்ப் பட்டியலோடு ஒருவர் கரையில் இருப்பார். இறங்கியவர்கள் எண்ணிக்கையும் ஏறியவர்கள் எண்ணிக்கையும் ஒத்துப்போகும் வரை அவர் டீ குடிக்கக்கூட நகரக் கூடாது.

10. ஒருவர் கண்ணில் படாமல் போனால்

படகிலிருந்து ஆள் விழுந்தால் ஒருவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பார்வையை எடுக்கக் கூடாது. அடுத்தவர் ஒளிரும் மிதவையை எறிவார். ஓட்டுபவர் ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டு மெதுவாகத் திரும்புவார். தேடும்போது டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடியுங்கள். இடுப்பில் பிடித்தால் ஜாக்கெட்டிலுள்ள ஸ்டிக்கர் திருப்பும் ஒளி உங்கள் கண்ணுக்கு வராது.

சில நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால் நீங்களே தேடி முடிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். விஎச்எஃப் கடல் ரேடியோவின் 16-ஆம் சேனலில் மூன்று முறை "மேடே" என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லி இடத்தைச் சொல்லுங்கள். போனில் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை முதலில் சொல்லுங்கள், கதை அப்புறம். பேச்சு நடுவில் அறுந்தாலும் எங்கே வரவேண்டும் என்பது அவர்களிடம் இருக்கும்.

தண்ணீரில் இருப்பவர் கரையை நோக்கி வீணாக அடித்து நீந்த வேண்டாம். மிதவையைக் கட்டிக்கொண்டு, ஸ்ட்ரோபை இப்போது போட்டு, விசிலை விட்டுவிட்டு ஊதட்டும். தேடும் படகு எஞ்சினை அவ்வப்போது அணைத்துக் கேட்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த விசில் கேட்காது.